புது வருட வசனம் வந்துவிட்டது, வேலையை விட்டுவிடலாமா?

மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 46 வயது. ஒரு நுண்கடன் நிறுவனத்தில் 17 வருடமாக வேலை. ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்தவர், இப்போது உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர் பக்கத்துக் கிளைகளுக்கு ஏரியா மேனேஜர். பிடித்தம் போக 47,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. மகள் ஜூன் மாதம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் ஏழாவது படிக்கிறான். சர்க்கரை நோயுள்ள 72 வயது அம்மாவும் கூடவே இருக்கிறார். வீட்டுக் கடனில் 12 லட்சம் பாக்கி, மாதத் தவணை 16,500.

“வேலை எனக்கு வெறுத்துவிட்டது” என்று எழுதுகிறார். “போன டிசம்பரில் சேடபட்டிப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று வாரத் தவணை பாக்கி. பனியில் மல்லி இல்லை, பூ வருமானம் நின்றுபோய்விட்டது என்று அந்த அம்மா சொன்னார். பணம் வாங்காமல் வராதீர்கள் என்று வசூல் பையன்களை ராத்திரி எட்டு மணி வரை வாசலில் உட்கார வைத்தேன். கடைசியில் நானே போனேன். அந்த அம்மா என் முன்னாலேயே காதுத் தோட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்து, அடகு வைத்துவிட்டு வரச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஜெபிக்க ஆண்டவர் எழுப்புகிறார் என்றே நினைக்கிறேன்.”

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் வருடத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்பது வழக்கம். அவர் எடுத்த அட்டையில் ஏசாயா 43:19 வந்திருக்கிறது: “இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்.” ஜெபக்குழு நண்பர் ஒருவர், இது முழுநேர ஊழியத்துக்கான அழைப்பு என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். ஊமச்சிகுளம் பக்கம் ஐந்து சென்ட் இடம் வாங்கி ஜெபவீடு கட்டுவதாகத் திட்டம். இவருடைய பங்கு எட்டு லட்சம், அதில் இரண்டு லட்சத்தை இந்த மாதமே முன்பணமாகக் கொடுக்க வேண்டும். பத்திரம் நண்பர் பெயரில். பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் சேர்த்து 18 லட்சம் வரும் என்பது இவர் கணக்கு. ஜூனில் ராஜினாமா. மனைவி சம்மதிக்கவில்லை. “அவளுக்கு விசுவாசம் குறைவு. இயேசு கூப்பிட்டதும் மீனவரான பேதுரு வலையை விட்டுவிட்டு உடனே பின்னால் போகவில்லையா? நான் கீழ்ப்படிய வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். அந்தத் தோட்டை உங்களால் மறக்க முடியவில்லை என்பதே, இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தும் உங்கள் மனம் மரத்துப்போகவில்லை என்று காட்டுகிறது. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு லட்சத்தை இந்த மாதம் கொடுக்காதீர்கள். இடம் சரியா தவறா, நண்பர் நல்லவரா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். இது அழைப்புதான் என்று உங்களுக்குச் சொன்னவரும் அவர், உங்கள் பணத்தையும் போட்டு அவர் பெயரில் இடம் வாங்கப்போகிறவரும் அவர். ஒருவரே இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாது. “வீட்டில் பேசி முடிவெடுக்காமல் பணம் தர முடியாது, ஆறு மாதம் ஆகும்” என்று சொல்லுங்கள். ஆறு மாதம் பொறுக்க முடியாத இடமென்றால் அது உங்களுக்கு வேண்டாம்.

இனி, அந்த வசனம். வருடப் பிறப்பு இரவில் வசனம் எடுக்கும் வழக்கத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. அந்த அட்டையை வருடம் முழுக்கப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு தைரியமடைந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆனால் ஏசாயா அந்த வார்த்தையைச் சொன்னது பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஒரு ஜனம் முழுவதற்கும். அது ஆண்டவர் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லும் வார்த்தை. நீங்கள் எந்த மாதம் ராஜினாமா எழுத வேண்டும் என்பது அதில் இல்லை. அந்த இரவு அதே தட்டிலிருந்து உங்கள் மனைவியும் ஓர் அட்டை எடுத்திருப்பார். அவருக்கு என்ன வந்தது என்று எட்டுப் பக்கத்திலும் நீங்கள் எழுதவில்லை. இன்று இரவு கேளுங்கள். சோதித்துப் பார்க்க அல்ல. நாலு மாதமாக நீங்கள் ஒருவர் மட்டும் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருப்பதுபோல் அந்த வீடு நடக்கிறது, அதை மாற்றுவதற்கு.

பேதுருவின் வீடு

பேதுரு வலையை விட்டுப் போனது உண்மை. அதே மாற்கு முதல் அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். இயேசு ஜெபஆலயத்திலிருந்து நேராக வருவது பேதுருவின் வீட்டுக்கு. ஜுரமாய்க் கிடந்த அவருடைய மாமியாரைக் கைபிடித்துத் தூக்கிவிடுகிறார். வலையை விட்ட பிறகும் வீடு இருந்தது, மாமியார் இருந்தார். பல வருடம் கழித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, பேதுரு தன் மனைவியையும் ஊழியப் பயணத்தில் கூட்டிக்கொண்டு போவதைப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். வீட்டுக்காரி வேண்டாம் என்று அழுதுகொண்டிருக்க, அவர் தனியாகப் போனதாக எங்கேயும் இல்லை.

உங்கள் மனைவி என்ன சொல்லித் தடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “பிள்ளை பப்ளிக் எழுதுகிற வருஷம், அத்தைக்கு இன்சுலின், வீட்டுக் கடன், இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.” இதை விசுவாசக் குறைவு என்கிறீர்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசு. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டது உங்கள் மனைவி. அவர் ஊழியத்துக்கு எதிரி என்று எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

மூன்று மணி முழிப்பு

இதை ஆலோசகராகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். மாதக்கணக்காக விடியற்காலை முழிப்பு, சாப்பாட்டில் விருப்பமில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நெஞ்சு படபடப்பு, பிள்ளைகளிடம் எரிச்சல் என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வு நோயில் இப்படித்தான் இருக்கும். அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. ஒரு மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சர்க்கரை, தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

முழித்த நேரத்தில் ஜெபிப்பது நல்லது, ஜெபியுங்கள். ஆனால் உடம்பு தூங்க முடியாமல் தவிப்பதையே அழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டால், வைத்தியம் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, செத்துப்போக வேண்டும் என்று கேட்டபோது, ஆண்டவர் உடனே அடுத்த வேலையைக் கொடுக்கவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். அடுத்து எங்கே போக வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு. தூக்கம் சரியாகி இரண்டு மூன்று மாதம் ஆகும்வரை வேலையை விடுவது, இடம் வாங்குவது இரண்டையும் தள்ளி வையுங்கள். தெளிந்த மனதோடு பார்க்கும்போதும் ஊழிய ஆசை அப்படியே இருந்தால், அதை இன்னும் அதிகமாக நம்பலாம்.

இந்த வேலை பாவமா?

கடிதத்தின் நடுவில் இந்தக் கேள்வியை ஒற்றை வரியில் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

யோவான்ஸ்நானனிடம் ஞானஸ்நானம் பெற வந்தவர்களில் வரி வசூலிக்கிற ஆயக்காரர்களும் இருந்தார்கள். போர்ச்சேவகர்களும் இருந்தார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வசூலிக்காதே, யாரையும் மிரட்டாதே, உன் சம்பளம் போதுமென்றிரு என்றார். வசூல் வேலையில் இருப்பவருக்கு இதைவிட நேரான வேதவாக்கியம் கிடையாது. லூக்கா மூன்றாம் அதிகாரத்தை உங்கள் மேசையில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

இப்போது உங்கள் தொழிலின் சட்டத்தைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி, ஒரு குடும்பம் கட்டவேண்டிய எல்லாக் கடன் தவணைகளும் சேர்த்து அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, உறவுக்காரர்களைத் துன்புறுத்தக் கூடாது. ராத்திரி எட்டு மணி வரை பையன்களை வாசலில் உட்கார வைத்தது உங்கள் மனச்சாட்சிக்கு மட்டும் விரோதமானது அல்ல, விதிக்கும் விரோதமானது. ஒரு பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

ராஜினாமா செய்து வெளியே வந்துவிட்டால் உங்கள் கை சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் இடத்துக்கு வேறொருவர் வருவார், அதே பையன்கள் அதே வாசலில் உட்காருவார்கள். இருக்கிறவரை உங்கள் கையில் மூன்று கிளைகள் இருக்கின்றன. ஆறு மணிக்கு மேல் யாரும் வசூலுக்குப் போகக் கூடாது என்று திங்கட்கிழமை உங்கள் பையன்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். பூ வருமானத்தை நம்பியிருக்கும் சென்டர்களுக்கு (கடன் வாங்கியவர்களின் குழுக்களுக்கு) மார்கழி, தை மாதங்களில் தவணையைக் குறைத்துப் பின்னால் கூட்டிக் கட்டும் வழி உண்டா என்று தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள். நேரில் பேசாதீர்கள், மெயில் போடுங்கள். பதில் என்ன வந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள். இலக்கு குறையும், திட்டு விழும், மாற்றலும் வரலாம். ஆடிட் அல்லது பயிற்சிப் பிரிவுக்கு நீங்களே மாற்றல் கேட்கலாம், 17 வருடம் களத்தில் இருந்தவரைப் பயிற்சிக்கு வேண்டாம் என்பது அபூர்வம். இதையெல்லாம் செய்தும் விதியை மீறச் சொல்லி நெருக்கினால், அப்போது வேலையை விடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை ஊழியம் என்று கூடச் சொல்ல வேண்டியதில்லை. நேர்மை என்றால் போதும்.

அந்த அம்மா வீட்டுக்கும் ஒருநாள் போய்வாருங்கள். வசூலுக்குப் போகிற யூனிஃபார்ம் இல்லாமல், முடிந்தால் மனைவியோடு. தோட்டை மீட்டுவிட்டார்களா என்று விசாரித்து, அன்று செய்தது தவறு என்று சொல்லுங்கள். மீட்காமல் இருந்தால் உங்களால் ஆனதைச் செய்யுங்கள். ஊழியத்துக்கு வைத்திருக்கும் காணிக்கையில் அது முதல் செலவாக இருக்கலாம்.

கைக்கு வரும் பணம்

உங்கள் 18 லட்சம் கணக்கு சரியில்லை. உங்கள் அடிப்படைச் சம்பளம் 26,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கிராஜுவிட்டிக்கு அதை 26 ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்க வேண்டும். வருடத்துக்கு 15,000. பதினேழு வருடத்துக்கு 2,55,000. நீங்கள் நினைத்ததுபோல் எட்டு லட்சம் அல்ல. பி.எஃப். பாஸ்புக்கில் 9,40,000 இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 12 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டுக் கடன் பாக்கியும் அதே 12 லட்சம்தான்.

நிறுவனம் பி.எஃப்-புக்குப் போடும் பங்கில் ஒரு பகுதி பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடுகிறது. அது மொத்தமாகக் கைக்கு வராது. பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் மாத பென்ஷன் உண்டு, ஆனால் உங்கள் சேவைக்கு அது மூவாயிரம் ரூபாயைச் சுற்றித்தான் வரும். 50 வயதிலேயே வேண்டுமென்றால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். வேலையை விட்ட மறுநாளே பி.எஃப். முழுவதும் எடுத்துவிடலாம் என்பதும் இல்லை. காத்திருக்கும் காலம் உண்டு, அந்த விதிகள் சமீபத்தில் மாறியும் இருக்கின்றன. பி.எஃப். அலுவலகத்தில் உங்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

மாதக் கணக்குக்கு வருவோம். உங்கள் சம்பளம் நின்றால் வீட்டில் வருவது 18,000. தவணை 16,500 போக மிச்சம் 1,500 ரூபாய். அதில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும், அம்மாவுக்கு இன்சுலின் வாங்க வேண்டும். அம்மா இப்போது உங்கள் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் இருக்கிறார். வேலை போனால் அதுவும் போகும். புதிதாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று வேலையில் இருக்கும்போதே எச்.ஆர்-இடம் கேட்டுவையுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்றும் பாருங்கள். திடீரென்று நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் இழுபறியாகும், அடுத்த வேலைக்கு அது வேண்டும்.

ஊழியத்துக்குப் போகும் வழிகள்

குருத்துவ ஊழியம் என்றால், சேராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. என்ற இறையியல் பட்டப் படிப்பு பட்டதாரிக்கே நான்கு வருடம். அரசரடியில் 1969-லிருந்து தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது, தமிழிலேயே படிக்கலாம், தூரம் ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் ஆயராக (சபை குருவாக) வேண்டுமென்றால் திருமண்டலம், அதாவது சபைகளின் வட்டார நிர்வாகம், தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், வயது வரம்பும் பார்ப்பார்கள். 46 வயதில் உங்களை எடுப்பார்களா என்பதை மதுரை – இராமநாதபுரம் திருமண்டல அலுவலகத்தில் போய்க் கேட்க ஒரு காலை நேரம் போதும். அதைக் கேட்காமல் ராஜினாமா தேதி குறித்திருக்கிறீர்கள். வேலையில் இருந்தபடியே படிக்கவும் வழியுண்டு. சேராம்பூரின் அஞ்சல்வழிப் படிப்புகள் இருக்கின்றன, பெங்களூருவின் டாஃப்டீ என்ற இறையியல் கல்வி அமைப்பு வேலையில் இருக்கும் விசுவாசிகளுக்கென்றே பாடம் நடத்துகிறது. ஒரு வருடம் அதைப் படித்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று இரவு வேதப்புத்தகத்தோடு உட்கார முடிகிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜெபவீட்டைப் பற்றி. பொது வழிபாட்டுக்குக் கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டின் கட்டட விதிகள் சொல்கின்றன. வீடு என்று பிளான் வாங்கிவிட்டு ஜெபவீடு நடத்தி, அக்கம்பக்கத்தில் புகார் கிளம்பி, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வருடக்கணக்கில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இடம் வாங்குவதானால் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் உங்களுக்குச் சம்பந்தமுள்ள ஒரு வக்கீல் பார்க்க வேண்டும், நண்பருடைய வக்கீல் அல்ல. நண்பர் பெயரில் பத்திரம் போட்டால் உங்கள் எட்டு லட்சத்துக்கு எந்த ஆதாரமும் இருக்காது. டிரஸ்ட் என்று பதிவு செய்தால் அது தர்மச் சொத்து, நாளைக்கு மகள் படிப்புக்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்க முடியாது. இரண்டில் எதுவானாலும், அந்தப் பணம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கொடுக்க முடிந்தால் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. சேமிப்பு முழுவதையும் இடத்தில் போட்டுவிட்டு ஜெபவீடு ஆரம்பித்தால், அடுத்த மாதத் தவணைக்கு நீங்கள் காணிக்கைப் பெட்டியைப் பார்க்க வேண்டியிருக்கும். வருகிறவர்களில் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். கூட்டம் குறைந்த வாரம் பயம் வரும். ஏழைப் பெண்களிடம் வசூலிக்கப் பிடிக்காமல் வெளியே வருகிறீர்கள். அதே பெண்கள் கொடுப்பதில் உங்கள் வீடு நடக்க வேண்டிய நிலைமைக்குப் போய்விடக் கூடாது. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாவோடும் கூடாரம் தைத்துக்கொண்டே பிரசங்கித்தார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பதில் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார்.

ஆறாம் பக்கம்

உங்கள் கடிதத்தில் பிரசங்கத்தைப் பற்றி அதிகம் இல்லை, கவனித்தீர்களா? ஜெபவீடு, இடம், ராஜினாமா எல்லாம் இருக்கிறது. மேடையில் நின்று பேச வேண்டும், ஆத்துமாக்களைச் சந்திக்க வேண்டும் என்ற தவிப்பு எங்கேயும் எழுத்தில் வரவில்லை. ஆறாம் பக்கத்தில் மட்டும் உங்கள் எழுத்தே மாறுகிறது. நாலு கம்பெனியில் கடன் வாங்கி, எது யாருக்கு என்றே தெரியாமல் தவித்த ஒரு பெண்ணை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, நோட்டுத் தாளைக் கிழித்து நாலு கடனையும் வரிசையாக எழுதி, பூ வருமானம் எந்த மாதம் எவ்வளவு என்று பக்கத்திலேயே போட்டு, எதை முதலில் முடிக்க வேண்டும், ஐந்தாவது கடனை ஏன் வாங்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் சொன்னீர்கள். ஒரு வருடம் கழித்து அவர் போன் செய்து, “அண்ணே, ரெண்டை முடிச்சுட்டேன்” என்றார். “அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பக்கத்தில் நீங்கள் தூங்கியதாக எழுதியது அந்த ஓர் இடத்தில்தான்.

அழைப்பு எப்படி வரும் என்று கேட்டீர்களே. பெரும்பாலும் இப்படித்தான் வரும், ஒரு டீக்கடை பெஞ்சில். முழுநேர ஊழியம் என்றால் பிரசங்கம்தான் என்று நாம் பழகிவிட்டோம். கடனில் மூழ்கும் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஆள் நம் சபைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கடன் கொடுக்கும் பக்கத்தில் 17 வருடம் இருந்து, அதன் எல்லா நெளிவுசுளிவும் தெரிந்த ஒருவர் வாங்குகிறவர்கள் பக்கம் வந்து உட்கார்ந்தால் அது எவ்வளவு பெரிய காரியம்!

இதற்குச் சம்பளம் தரும் வேலைகளும் இருக்கின்றன. பெண்களின் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களை நடத்தும் தானம் அறக்கட்டளையின் தலைமையகம் மதுரையில்தான் இருக்கிறது. வங்கிகள் நடத்தும் நிதிக் கல்வி மையங்களுக்குக் களம் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். மிஷன் பள்ளிகள், விடுதிகள், மருத்துவமனைகளில் நிர்வாகம், கணக்குப் பொறுப்புகள் உண்டு. சம்பளம் 47,000 வராது. 25,000 முதல் 30,000-க்குள் வீடு நடக்குமா என்று மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். அது நடக்கும் என்றால் நீங்கள் வேலையை மாற்றலாம். முதலில் ஆயரிடம் அனுமதி கேட்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சபை மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். கடன் கணக்கோடு யார் வந்தாலும், எந்த மதமானாலும், பாருங்கள். உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் வந்தால் மட்டும் வேறொருவரிடம் அனுப்பிவிடுங்கள், வேலையில் இருக்கும்வரை அது முரணாகும்.

ஒரு தேதி

காத்திருங்கள் என்று மட்டும் சொன்னால் உங்களுக்குப் போதாது என்று தெரியும். நெகேமியாவைப் பாருங்கள். பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரர், நல்ல உத்தியோகம். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்ற செய்தி யூதர்களின் கிஸ்லேயு மாதத்தில் வந்தது. அழுதார், உபவாசித்தார். ஆனால் ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில், நாலு மாதம் கழித்து. திரும்பி வர எவ்வளவு காலம் ஆகும் என்று ராஜா கேட்டபோது ஒரு காலத்தைக் குறித்துச் சொன்னார். போகும் வழிக்கு நிருபங்கள் கேட்டார், மரத்துக்காக ராஜாவின் வனக்காவலர் ஆசாபுக்கு ஒரு கடிதமும் கேட்டார். ஊருக்குப் போன பிறகும் மூன்று நாள் சும்மா இருந்து, ராத்திரியில் சில பேரோடு போய் இடிந்த சுவரைத் தானே பார்த்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஜெபமும் திட்டமும் அவரிடம் ஒன்றாகவே நடந்தன.

நீங்களும் ஒரு காலத்தைக் குறியுங்கள். மகளுக்கு அடுத்த மார்ச்சில் பொதுத்தேர்வு. அதுவரை வேலையில் இருங்கள், மேலே சொன்ன திருத்தங்களோடு. இந்த ஒரு வருடத்தில் வீட்டுக் கடனில் முடிந்ததைக் கூடுதலாகக் கட்டுங்கள், ஆறு மாதச் செலவுக்கான பணத்தை மனைவி பெயரில் தனியாக வையுங்கள். உங்கள் ஆயர், மனைவி, உங்களிடமிருந்து ஒரு ரூபாய் ஆதாயமும் எதிர்பார்க்காத மூத்த விசுவாசி ஒருவர், இந்த மூன்று பேரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து பேசட்டும். மகள் தேர்வு முடிந்த வாரத்தில் நால்வரும் சேர்ந்து முடிவெடுங்கள். மனைவி அன்றும் வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள், அதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டு மறுபடி வாருங்கள். அவர் சம்மதம் இல்லாமல் போக வேண்டாம்.

இன்று இரவு செய்ய வேண்டியது இரண்டுதான். நண்பருக்குப் போன் போட்டு முன்பணம் இப்போது இல்லை என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் இந்தக் கடிதத்தை மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.